அளவுகோல் யாருடையது? வெகுசன ஊடகங்களும் பெண்ணின் சுயபடிமமும்

வெகுசன ஊடகங்கள் பெண்ணை எவ்வாறு சித்திரிக்கின்றன என்ற வினா எமது மேடைகளிலும் சஞ்சிகைகளிலும் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகின்றது. ஆயினும் அவ்வினாவுக்கு நாம் வழமையாக அளிக்கும் விடை ஆபாசம் என்ற ஒற்றைச் சொல்லுடன் முடிவடைந்து விடுகின்றது. ஆடை குறைந்த காட்சிகளைக் கண்டிக்கின்றோம்; அவற்றைப் பார்க்க வேண்டாமென இளைஞர்களுக்கு உபதேசிக்கின்றோம்; அத்துடன் கடமை முடிந்ததென அமைதியடைகின்றோம். இக்கண்டனம் தவறானதென நாம் கூறவில்லை. ஆனால், அது பெரும்பாலும் பார்வையாளனாகிய ஆணின் ஒழுக்கம் பற்றிய கவலையாகவே அமைந்து விடுகின்றது. அதே திரையின் முன் அமர்ந்திருக்கும் பெண் அதிலிருந்து தன்னைப் பற்றி எதனைக் கற்றுக்கொள்கின்றாள் என்ற வினா எமது விவாதங்களில் அரிதாகவே இடம்பெறுகின்றது. முழுமையாக ஆடையணிந்த பெண்ணொருத்தி தோன்றும் ஒரு விளம்பரமும் அதனைப் பார்க்கும் பெண்ணுக்குப் பெருந்தீங்கு இழைக்கக் கூடும். அத்தீங்கின் தன்மையை இங்கு ஆராய முற்படுகின்றோம்.

பார்த்தலும் பார்க்கப்படுதலும்

இத்துறையில் இன்றும் அடிப்படையாகக் கொள்ளப்படும் சிந்தனைகள் சில 1970களில் தோன்றியவை. 1972இல் பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடராகவும் நூலாகவும் வெளிவந்த 'பார்க்கும் விதங்கள்' என்ற ஆக்கத்தில் கலை விமர்சகர் ஜோன் பேர்கர், ஐரோப்பிய எண்ணெய் ஓவிய மரபையும் நவீன விளம்பரங்களையும் ஒன்றாக வைத்து நோக்கினார். ஆண் பார்ப்பவனாகவும் பெண் பார்க்கப்படுபவளாகவும் அமைக்கப்பட்ட காட்சி மரபொன்றினுள் வாழும் பெண், காலப்போக்கில் தன்னைத் தானே வெளியிலிருந்து கண்காணிக்கப் பழகி விடுகின்றாள் என்பது அவர் முன்வைத்த கருத்தின் சாரமாகும். 1975இல் லோரா மல்வி எழுதிய கட்டுரை இதே கருத்தைத் திரைப்படக் கமெராவுக்குப் பொருத்திக் காட்டியது. கமெராவின் கண், கதாநாயகனின் கண், அரங்கில் அமர்ந்திருப்பவரின் கண் ஆகிய மூன்றும் ஒரே திசையில் பெண்ணை நோக்குமாறு திரைமொழி ஒழுங்கமைக்கப்பட்டுள்ளது என அவர் வாதிட்டார்.

1990களின் பிற்பகுதியில் உளவியலாளர்கள் இச்சிந்தனையைப் பரிசோதனைக்கு உட்படுத்தினர். பார்பரா ஃபிரெட்ரிக்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வொன்று இவ்வகையில் நன்கறியப்பட்டதாகும். பல்கலைக்கழக மாணவர்களில் ஒரு பகுதியினரை நீச்சலுடையையும் மறு பகுதியினரைக் கம்பளி மேலாடையையும் அணியச் செய்து, தனியறையில் கண்ணாடியின் முன் நிற்க வைத்து, பின்னர் கணிதத் தேர்வொன்றை எழுதச் செய்தனர். அறையில் வேறு எவரும் இருக்கவில்லை. எனினும் நீச்சலுடையணிந்த மாணவியர் ஏனைய மாணவியரை விடக் குறைவான புள்ளிகளைப் பெற்றனர். மாணவரிடையே அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. ஒரு பரிசோதனையை வைத்து முடிந்த முடிவு கூறிவிட முடியாது. ஆயினும் அது சுட்டும் திசை கவனத்திற்குரியது. பிறர் பார்வை அகன்ற பின்னரும் அப்பார்வை பெண்ணின் உள்ளத்தில் தங்கி விடுகின்றது. அவளது கவனத்தின் ஒரு பகுதி தன் தோற்றத்தைக் காவல் காப்பதிலேயே செலவாகின்றது. கற்பதற்கும் சிந்திப்பதற்கும் உரிய ஆற்றல் இவ்வாறு கண்ணுக்குத் தெரியாமல் கசிந்து போகின்றது.

ஒரு தீவு தரும் படிப்பினை

ஊடகம் சுயபடிமத்தை மாற்றுகின்றதா, அல்லது சமூகத்தில் ஏற்கெனவே உள்ளதைப் பிரதிபலிக்கின்றதா என்பது பழைய சர்ச்சை. தொலைக்காட்சி நீண்டகாலமாகப் புழங்கும் சமூகங்களில் இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினம். பிஜித் தீவில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வொன்று இவ்வகையில் அரிய வாய்ப்பொன்றை வழங்கியது.

ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் மானிடவியலாளரும் மனநல மருத்துவருமான ஆன் பெக்கர், பிஜியின் நட்ரோகாப் பகுதி மக்களிடையே பல ஆண்டுகள் களஆய்வு செய்தவர். அம்மக்களின் மரபில் திரண்ட உடல் விரும்பத்தக்கதாகக் கருதப்பட்டது. ஒருவரது உடல் அவருக்கு மாத்திரம் உரியதொன்றாக அங்கு நோக்கப்படவில்லை. ஒரு பெண் மெலிந்து போனால், அவளது வீட்டாரும் ஊராரும் அவளைச் சரிவரக் கவனிக்கவில்லை என்றே அது பொருள்பட்டது. வலிந்து உண்ணச் செய்வது உபசரிப்பின் ஒரு பகுதியாக இருந்தது. உடல் மெலிய வேண்டி உணவைக் குறைக்கும் வழக்கம் அங்கு அறிமுகமாகியிருக்கவில்லை எனலாம்.

1995இல் அப்பகுதிக்குத் தொலைக்காட்சி ஒளிபரப்பு வந்து சேர்ந்தது. அது வந்த சில வாரங்களுக்குள் பாடசாலை மாணவியர் 63 பேரிடமும், மூன்றாண்டுகளின் பின்னர் 1998இல் அதே வயதினரான 65 பேரிடமும் பெக்கர் ஒரே வினாக்கொத்தைப் பயன்படுத்தித் தகவல் திரட்டினார். உணவு உண்பதில் கோளாறு இருக்கக்கூடுமெனக் கருதத்தக்க புள்ளிகளைப் பெற்றோர் 1995இல் 12.7 சதவீதமாகவும் 1998இல் 29.2 சதவீதமாகவும் இருந்தனர். உடல் எடையைக் குறைப்பதற்காக உண்டதைத் தாமே வாந்தியெடுப்பதாக 1995இல் ஒருவரேனும் கூறவில்லை, 1998இல் 11.3 சதவீதமானோர் கூறினர். தாம் மிகவும் பருத்திருப்பதாகச் சில வேளையேனும் உணர்வதாகக் கூறியோர் 74 சதவீதமாகும். இம்முடிவுகள் 2002இல் பிரித்தானிய உளமருத்துவச் சஞ்சிகையொன்றில் வெளியாயின.

இவ்வாய்வு சிறியதொரு மாதிரியை அடிப்படையாகக் கொண்டது என்பதையும், அதே காலத்தில் அத்தீவு வேறு சமூக மாற்றங்களுக்கும் உட்பட்டிருந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. எனினும் எண்களை விட அம்மாணவியர் நேர்காணல்களில் கூறியவையே கூடுதல் சிந்தனைக்குரியன. அமெரிக்கத் தொடர்களில் வரும் பெண்களைப் போன்று மெலிந்தால்தான் நல்ல தொழில் கிடைக்கும், வாழ்வில் முன்னேறலாம் என அவர்கள் நம்பினர். அவர்களை ஆட்கொண்டது வெறும் அழகாசையன்று. கல்வியும் தொழிலும் பயணமும் கொண்ட ஒரு புதிய வாழ்க்கையைத் திரையில் கண்டனர். அவ்வாழ்க்கைக்குச் செல்லும் வாயில் ஒரு குறிப்பிட்ட உடலமைப்பு என்பதாகவும் அதே திரை அவர்களுக்குக் கற்பித்தது. பிற்காலத்தில், 2011இல், பெக்கர் குழுவினர் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, தம் வீட்டில் தொலைக்காட்சி இல்லாத மாணவியரும் தோழியர் வழியாக இத்தாக்கத்துக்கு உட்படக் கூடும் எனக் காட்டியது. 'எமது வீட்டில் தொலைக்காட்சி இல்லை' என நிம்மதியடையும் பெற்றோர் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

நிறத்தின் வாணிபம்

பிஜியில் மூன்றாண்டுகளில் நிகழ்ந்தது தெற்காசியாவில் வேறொரு வடிவில் அரை நூற்றாண்டாக நிகழ்ந்து வருகின்றது. இங்கு அளவுகோல் தோலின் நிறமாகும். 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற முகக் களிம்பு, பின்னர் இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான், மலேசியா எனப் பரவி வீட்டுப் பெயராயிற்று. வெண்ணிறத்தின் மீதான மோகத்தை இக்களிம்பு உருவாக்கவில்லை. சாதியமைப்பும் குடியேற்ற ஆட்சியும் அதனை ஏற்கெனவே விதைத்திருந்தன. விளம்பரம் செய்தது அம்மோகத்திற்கு ஒரு கதைவடிவம் கொடுத்ததே.

அக்கதையின் கட்டமைப்பு எளிமையானது. கறுத்த நிறமுடைய பெண்ணொருத்தி தலைகுனிந்து நிற்கின்றாள். நேர்முகத் தேர்வில் நிராகரிக்கப்படுகின்றாள். அல்லது மாப்பிள்ளை வீட்டாரால் ஒதுக்கப்படுகின்றாள். யாரோ ஒருவர் அவள் கையில் களிம்பைக் கொடுக்கின்றார். சில வாரங்களில் முகம் வெளுக்கின்றது. கூடவே தலை நிமிர்கின்றது, குரல் துணிகின்றது, கதவுகள் திறக்கின்றன. முப்பது நொடிகளில் ஒரு மீட்சிக் கதை முடிவடைகின்றது. இக்கதையில் அவளை ஒதுக்கியவர்கள் திருத்தப்படுவதில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். அநீதி இழைத்தவன் அப்படியே இருக்க, அநீதிக்குள்ளானவளே தன்னை மாற்றிக்கொள்கின்றாள். அநீதி ஒரு சரும நோயாகவும் அதற்குரிய மருந்து கடையில் கிடைப்பதாகவும் காட்டப்படுகின்றது.

மகனொருவன் இல்லையே என வருந்தும் தந்தைக்கு, முகம் வெளுத்ததும் விமானப் பணிப்பெண்ணாகி வருவாய் ஈட்டித் தரும் மகளைச் சித்திரித்த விளம்பரம் இவற்றுள் பெயர்பெற்றதாகும். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் தொடர்ந்து முறையிட்டதன் விளைவாக, 2003இல் இத்தகைய விளம்பரங்கள் இரண்டின் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் அந்நிறுவனம் பெண்களுக்குக் கல்வி உதவி வழங்கும் அமைப்பொன்றைக் களிம்பின் பெயரிலேயே தொடங்கியது. கறுத்த நிறத்தவரைத் தாழ்வாகச் சித்திரிக்கலாகாது என்ற விதிமுறைகளை இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழு 2014இல் வெளியிட்டது. அமெரிக்காவில் ஜோர்ஜ் ஃபுளொய்ட் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து உலகெங்கும் நிறவெறிக்கு எதிராக எழுந்த அலையின் மத்தியில், 2020இல் களிம்பின் பெயர் 'குளோ அண்ட் லவ்லி' என மாற்றப்பட்டது.

வெண்மை என்ற சொல் நீங்கி, பொலிவு என்ற சொல் வந்துவிட்டது. வாங்குபவர் மனத்தில் இரண்டும் ஒன்றே என்பதை விற்பவர் நன்கறிவர். 2004இல் 'டவ்' சவர்க்காரத்திற்காக, எல்லா உடலும் எல்லா நிறமும் அழகே என்ற பிரசாரத்தை மேற்கு நாடுகளில் தொடங்கிய யூனிலீவர் நிறுவனத்தின் குடும்பத்தைச் சேர்ந்ததே இக்களிம்பும் என்பது குறிப்பிடத்தக்கது. ஒரு சந்தையில் தன்னை ஏற்றுக்கொள் எனவும் மற்றொரு சந்தையில் தன்னை மாற்றிக்கொள் எனவும் ஒரே காலத்தில் போதிப்பதில் அதற்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. இரு போதனைகளும் பெண்ணின் உள்ளத்திலுள்ள ஐயத்தையே மூலதனமாகக் கொண்டிருந்தன. இதற்கு எதிரான குரல்களும் எழாமலில்லை. சென்னையைச் சேர்ந்த 'விமன் ஒஃப் வேர்த்' அமைப்பு 2009இல் கறுப்பு அழகே என்ற இயக்கத்தைத் தொடங்கியதும், 2013இல் நடிகை நந்திதா தாஸ் அதில் இணைந்ததும் இங்கு நினைவுகூரத்தக்கவை.

பாரி மகளிர் திரைக்கு வந்தபோது

தமிழ்த் திரைப்படம் இவ்விடயத்தில் விளம்பரத்தைப் பின்பற்றியது மட்டுமன்றி அதற்கு முன்னோடியாகவும் விளங்கியுள்ளது. கறுத்த நிறமுடைய கதாநாயகனைத் தமிழ் இரசிகர் தம்மவனாகக் கொண்டாடினர். அதற்கு ரஜினிகாந்தும் விஜயகாந்தும் சான்று. அதே இரசிகருக்குக் கதாநாயகி மட்டும் வெண்ணிறத்தவளாக இருக்க வேண்டியிருந்தது. அவளைத் தேடி வடநாடு செல்ல நேர்ந்தது. அவளுக்கு மொழி தெரியாததால் குரலை வேறொரு பெண் வழங்க நேர்ந்தது. தமிழ்ப் பெண் தன் முகத்தைத் திரையில் காணாமல் தன் குரலை மாத்திரம் வேறொரு முகத்தின் வாயிலாகக் கேட்டு வளர்ந்தாள்.

2007இல் வெளிவந்த 'சிவாஜி' திரைப்படம் இதற்கு நல்லதோர் உதாரணம். கதாநாயகியின் பொருட்டு நாயகன் தன் நிறத்தை மாற்றிக்கொள்ளப் படாத பாடுபடுவது அதில் நகைச்சுவையாகின்றது. பாடற் காட்சியொன்றில் ஆங்கிலேயப் பெண்ணொருவரின் தோல் நிறம் கணினி நுட்பத்தால் அவர் உடலில் ஏற்றப்பட்டது. இங்கு நகைப்பு நாயகனுடன் சேர்ந்து நகைப்பதாகும்; அவரது மதிப்பு சிறிதும் குறைவதில்லை. அதே படத்தில் அயல்வீட்டுப் பெண்கள் இருவர் முகத்தில் கரிய ஒப்பனையுடன் தோன்றுகின்றனர். அவர்களைக் கண்டதும் நாயகன் தரப்பினர் அஞ்சி ஓடுவதே அக்காட்சிகளின் நகைச்சுவை. அவ்விருவருக்கும் இடப்பட்ட பெயர்கள் அங்கவை, சங்கவை. வள்ளல் பாரியின் மகளிராகத் தமிழ் மரபு போற்றும் பெயர்கள் அவை. தந்தையையும் பறம்பு மலையையும் இழந்த துயரைப் பாடிப் புறநானூற்றில் இடம்பெற்ற புலமைக்குரியோர் பாரி மகளிர். ஈராயிரம் ஆண்டுகள் கவிதைக்காக நினைவிற் கொள்ளப்பட்ட பெண்கள் நிறத்திற்காகச் சிரிக்கப்படும் நிலைக்கு இறக்கப்பட்டனர். அரங்குகளில் சிரித்தோர் மத்தியில் அதே நிறமுடைய சிறுமியர் எத்தனை பேர் அமர்ந்திருந்தனர் என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

முஸ்லிம் பெண்ணின் இரு படங்கள்

முஸ்லிம் பெண் இப்பொதுச் சுமையுடன் தனக்கே உரிய மற்றொரு சுமையையும் தாங்குகின்றாள். அவளைப் பற்றிய படங்கள் நீண்டகாலமாகப் பிறரால் உருவாக்கப்பட்டு வந்துள்ளன. அல்ஜீரியக் கவிஞர் மாலிக் அல்லூலா 1981இல் வெளியிட்ட நூல், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் தயாரித்த அஞ்சலட்டைகளை ஆராய்கின்றது. அந்தப்புரப் பெண்கள் என்ற பெயரில் அவ்வட்டைகளில் காட்சியளித்தோர் கூலிக்கு அமர்த்தப்பட்ட மாதிரிப் பெண்களாவர். சாளரக் கம்பிகளும் திரைச்சீலைகளும் படப்பிடிப்பு நிலையத்தில் அமைக்கப்பட்டவை. உண்மையான வீடுகளின் கதவுகள் தமக்குத் திறக்கப்படாத நிலையில், குடியேற்றவாதிகள் தம் கற்பனையைப் புகைப்படமாக்கி உலகெங்கும் அனுப்பினர்.

இதன் மறுபக்கம் அடக்குமுறைக்குள்ளாகி, வாய்பேசாது, மீட்பரை எதிர்நோக்கி நிற்கும் பெண்ணின் படமாகும். 1958இல் அல்ஜியர்ஸில் பொது மேடையில் பெண்களின் முகத்திரை அகற்றப்பட்ட சடங்கு முதல், 2001 நவம்பரில் ஆப்கானிஸ்தான் போர் அந்நாட்டுப் பெண்களின் விடுதலைக்கான போராட்டமுமாகும் என அமெரிக்க அதிபரின் துணைவியார் வானொலியில் ஆற்றிய உரை வரை இப்படம் தொடர்கின்றது. மானிடவியலாளர் லைலா அபூலுஹத் இம்மீட்பு மனப்பான்மையை 2013இல் தனி நூலாகவே ஆராய்ந்துள்ளார். 1985இல் அமெரிக்கச் சஞ்சிகையொன்றின் அட்டையில் இடம்பெற்ற ஆப்கான் அகதிச் சிறுமியின் முகம் உலகெங்கும் அறியப்பட்டதாகும். 2002இல் அவரைத் தேடிக் கண்டுபிடித்தபோது, அதுவரை அப்புகைப்படத்தை அவர் பார்த்ததே இல்லை எனத் தெரியவந்தது. பதினேழு ஆண்டுகளாக உலகம் அவர் முகத்தை அறிந்திருந்தது. அவர் பெயரையும் அறிந்திருக்கவில்லை. முஸ்லிம் பெண்ணைப் பற்றிய ஊடகச் சித்திரிப்பின் வரலாற்றை இந்நிகழ்வு ஒன்றே சுருங்கக் கூறிவிடுகின்றது.

அண்மைக் காலத்தில் மூன்றாவது படமொன்றும் தோன்றியுள்ளது. 2016இல் இத்தாலியின் 'டோல்ச்சே அண்ட் கப்பானா' நிறுவனம் அபாயா வரிசையொன்றை அறிமுகப்படுத்தியது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் தலைமறைப்பு அணிந்த பெண்கள் ஷாம்பு விளம்பரங்களில் தோன்றுகின்றனர். இதனை அங்கீகாரமாகக் கருதி மகிழ்வோர் எம்மிடையே உள்ளனர். எமக்கோ ஐயமே எழுகின்றது. மெலிந்த, நெடிய, வெண்ணிறமான அதே பெண்ணுக்கு ஒரு துணி கூடுதலாக அணிவிக்கப்பட்டுள்ளது. அளவுகோல் மாறவில்லை.

எமது முற்றத்தில்

பிறரைக் குறைகூறுவதுடன் நிறுத்திக்கொண்டால் இவ்விமர்சனம் நேர்மையற்றதாகி விடும். எமது சமூகத்தினரின் திருமண விளம்பரங்களைப் புரட்டிப் பாருங்கள். மார்க்கப்பற்றுள்ள என்ற சொல்லுக்கு அருகிலேயே சிவந்த நிறமுடைய என்ற சொல் அமர்ந்திருக்கும். கருவுற்ற பெண்ணுக்குக் குங்குமப்பூப் பால் கொடுப்பவர் எமது வீடுகளிலும் உள்ளனர். பிறந்த பெண் குழந்தையின் காது மடலைப் பார்த்து எதிர்கால நிறத்தைக் கணிப்போரும் உள்ளனர். நிறம் குறைந்த மகளுக்காகக் கூடுதல் நகையும் ரொக்கமும் பேசப்படுவது எவரும் அறியாததன்று. களிம்பு விளம்பரம் காட்டும் கதையை நாம் எமது கூடத்திலேயே நடித்துக்கொண்டிருக்கின்றோம். 'கறுப்பே அழகு, காந்தலே ருசி' என்ற பழமொழி எம்மிடம் உண்டு; எனினும் நடைமுறையில் நாம் பயன்படுத்துவது 'கறுப்பானாலும் களையான முகம்' என்ற தொடரையே. அந்த 'ஆனாலும்' என்ற சொல்லில் ஒரு சிறுமியின் வாழ்நாள் முழுவதற்குமான தீர்ப்பு அடங்கியுள்ளது.

மக்காவின் மாபெரும் சட்ட அறிஞராக விளங்கிய அதா இப்னு அபீ ரபாஹ் (ரஹ்) அவர்களிடம், சுவர்க்கத்துக்குரிய பெண்ணொருவரைக் காட்டட்டுமா என இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் வினவிய நிகழ்வை நாம் படித்திருக்கின்றோம். அவர்கள் சுட்டிக்காட்டியது கறுத்த நிறமுடைய ஒரு பெண்ணை. வலிப்பு நோயால் துன்புற்ற அப்பெண், நபி (ஸல்) அவர்கள் முன்வைத்த இரு தெரிவுகளுள் பொறுமையைத் தேர்ந்தெடுத்தவர். வலிப்பின்போது தம் ஆடை விலகாதிருக்கப் பிரார்த்திக்குமாறு மாத்திரம் வேண்டியவர். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெறும் இவ்வறிவிப்பில் நிறம் ஓர் அடையாளமாகக் கூறப்படுகின்றது. அங்கு 'ஆனாலும்' இல்லை. இதனைக் கேட்ட அதா அவர்களும் கறுத்த நிறமுடையவர்களே. இந்நிகழ்வைப் பொறுமையின் சிறப்புக்குச் சான்றாக எமது உரைகளில் எடுத்தாள்கின்றோம். பெண் பார்க்கச் செல்லும் நாளில் அதனை மறந்து விடுகின்றோம்.

கைக்கு எட்டிய கண்ணாடி

இன்று இப்பிரச்சினை மேலும் உள்முகமாகியுள்ளது. முன்னர் விளம்பரத்தில் வந்தவள் வேறொரு பெண். இன்று கைத்தொலைபேசி, சிறுமியின் சொந்த முகத்தையே வெளுப்பித்து, மூக்கைக் கூராக்கி, திருத்திய பிரதியாக அவளிடம் காட்டுகின்றது. தன்னை விட அழகான தானுடன் அவள் போட்டியிட வேண்டியுள்ளது. 2021 செப்டம்பரில் வெளியான ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள்ளக ஆவணங்கள், பதின்வயதுப் பெண்கள் மூவரில் ஒருவருக்கு உடற்தோற்றம் பற்றிய மனக்குறையை இன்ஸ்டகிராம் மோசமாக்குவதாக நிறுவனத்தின் சொந்த ஆய்வே கூறியதை வெளிக்கொணர்ந்தன. அம்முடிவு தவறாகப் பொருள்கொள்ளப்பட்டதென நிறுவனம் பதிலளித்தது. திருத்தப்பட்ட விளம்பரப் படங்களில் அதனைக் குறிப்பிட வேண்டுமெனப் பிரான்ஸ், நோர்வே போன்ற நாடுகள் சட்டமியற்றியுள்ளன. சட்டம் விளம்பரதாரரைக் கட்டுப்படுத்தலாம். ஒரு சிறுமி இரவில் தனித்திருந்து தன் படத்தைத் தானே திருத்துவதைத் தடுக்க அதனால் இயலாது.

எனவே தடையும் கண்டனமும் மாத்திரம் போதுமான விடைகளாகா. எமது பாடசாலைகளிலும் மத்ரஸாக்களிலும் படங்களை வாசிக்கக் கற்பிக்க வேண்டும். ஒரு விளம்பரம் எதனை விற்கின்றது, அதற்காக எந்த ஐயத்தை விதைக்கின்றது என வினவும் பழக்கம் மாணவியருக்கும் மாணவருக்கும் ஒருங்கே தேவை. எமது சமூகத்தின் பத்திரிகைகளும் திருமணச் சேவைகளும் நிறம் கோரும் விளம்பரங்களை ஏற்க மறுப்பது பெரும் செலவில்லாத ஒரு தொடக்கமாகும். எமது பெண்களின் கல்வியையும் உழைப்பையும் எழுத்தையும் அவர்களே கூறும் ஆக்கங்களுக்கு இடமளிக்க வேண்டும்.

இவை யாவற்றுக்கும் முன்னதாக வீட்டில் ஒரு வேலை உள்ளது. பிஜியின் மாணவியர் திரை காட்டிய அளவுகோலை இவ்வளவு விரைவில் ஏற்றதற்கு, அதில் ஓர் எதிர்காலம் தெரிந்தது காரணம். எமது பெண் பிள்ளைகளுக்கு அத்தகைய எதிர்காலத்தை முகத்துடனும் உடலுடனும் தொடர்பின்றி நாம் காட்டியிருக்கின்றோமா என எம்மையே வினவிக்கொள்ள வேண்டும். அடுத்த முறை ஒரு குழந்தையைப் பார்க்கச் செல்லும்போது அதன் நிறத்தைப் பற்றி எதுவும் கூறாமல் திரும்பி வருவதிலிருந்து நாம் தொடங்கலாம்.